முப்பதாயிரத்து முப்பத்தொன்று

"அம்மையே, நாளைக் காலை கிளம்புகிறேன்" என்றான் எயினன்.

"எங்கே?"

"யாரும் இல்லாத இடத்துக்கு."

கேட்டவர் குன்றடிச் சமணப் பள்ளியில் கணக்குக் கற்பித்த பெண் துறவி நாகநந்தி. எயினனைவிட வயதில் இளையவர். பெண் குரு என்பதால் எல்லோரும் அவரைக் குரத்தியார் என்றே அழைத்தார்கள்.

எயினன் கடலோடி. புயலில் படகு கவிழ்ந்தபோது அவன் ஒருவன்தான் கரையேறினான். தம்பியும் அந்தப் படகில் இருந்தான். அதன்பிறகு பள்ளிக்கு வந்து சேர்ந்தான். ஆனாலும் ஒருநாளும் மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

"போவதற்கு முன் உங்களிடம் ஓர் எண்ணைக் காட்ட வேண்டும்."

மணலில் குந்தினான்.

"இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று. முதல் ஆறு பகா எண்கள். எல்லாவற்றையும் பெருக்கினேன். கடைசியில் ஒன்றைக் கூட்டினேன்."

முப்பதாயிரத்து முப்பத்தொன்று என்று எழுதினான்.

"இந்த ஆறில் எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். எதிலும் சேராது."

"அந்த ஒன்று?"

"நான்தான்."

குரத்தியார் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு அழகான எண்!" என்றார்.

எயினன் அதை எதிர்பார்க்கவில்லை.

"பதினேழால் வகுத்தீரா?"

"இல்லை. எதற்கு?"

"வகுத்துவிட்டுத்தான் போமே."

வகுத்தான். ஒன்பது மிஞ்சியது. எயினனுக்கு முகம் சுருங்கியது. இதிலும் ஒன்றுதான் மிஞ்சும் என்று நினைத்திருந்தான்.

பத்தொன்பதால் வகுத்தான். பதினொன்று.

இருபத்துமூன்றுக்குப் பதினாறு. இருபத்தொன்பதுக்கும் அதே பதினாறு.

"இதென்ன கூத்து!" என்றான். அவனையறியாமல் சிரிப்பு வந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை. குரத்தியாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்தடுத்த பகா எண்களாகப் போய், நாற்பத்தேழால் வகுத்தபோது நாற்பத்தைந்து மிஞ்சியது.

"ஐயோ, இரண்டுதான் குறை!"

ஐம்பத்துமூன்றுக்கு முப்பத்துமூன்று மிஞ்சியது. கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டான்.

"போதும், அம்மையே. இது எதிலும் அடங்காது."

"சரி" என்றார் குரத்தியார்.

ஆனால் அவனால் போக முடியவில்லை. மறுபடியும் குந்தி, ஐம்பத்தொன்பதால் வகுத்தான்.

விரல் நின்றது. அழித்துவிட்டு இன்னொரு முறை வகுத்தான்.

"அம்மையே... மிச்சமே இல்லை."

"என்ன?"

"ஐம்பத்தொன்பது, ஐந்நூற்றொன்பது முறை. சரியாகப் போகிறது." அவன் நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியாது."

"பிறகு ஏன் வகுக்கச் சொன்னீர்கள்?"

"நீர் பதின்மூன்றிலேயே நின்றுவிட்டீர்."

குரத்தியார் மணலை உற்றுப் பார்த்தார். அவர் கண்கள் விரிந்திருந்தன.

"ஐந்நூற்றொன்பதா? அதை எது வகுக்கும்?"

"தெரியவில்லையே, அம்மையே."

"கொஞ்சம் தள்ளி உட்காரும்" என்று அவன் அருகில் நகர்ந்து, மணலில் விரலை வைத்தார் குரத்தியார்.