தேவாங்கு வாயடைத்துப் போன நாள்

மிருகங்களுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், தேவாங்கைப் போல ஓடக்கூடியது காட்டில் வேறொன்றும் இல்லை. கிளைக்குக் கிளை தாவும். தாவும்போதே பேசும். அதற்குக் கண்கள் சிறியவை. பகலில்தான் திரியும்.

மலையடியில் ஓர் ஊர் இருந்தது. ஊருக்கும் மலைக்கும் நடுவே கோயில்காடு. அந்தக் காட்டின் நடுவில் புல்கூட முளைக்காத ஒரு வெட்டவெளி. சிலையோ கல்லோ அங்கே கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், சாமி மலையிலிருந்து இறங்கி அந்த வெளியைக் கடந்து போகும். அதன் பின்னாலேயே மழை வரும். எந்த நாளில் என்று யாருக்கும் தெரியாது. உச்சிமரத்தில் இருக்கும் தேவாங்குதான் மலைமுகட்டில் வெளிச்சம் அசைவதை முதலில் பார்க்கும். பார்த்ததும் ஊரெல்லாம் ஓடி, "வருது, அடங்குங்க" என்று சொல்லும். சனங்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே முகங்குப்புறப் படுப்பார்கள்.

மழை பொய்க்காமல் பல ஆண்டுகள் போயின. விளைச்சல் பெருகியது. வெளியூர் வண்டிகள் வரத் தொடங்கின. விருமாயி என்பவளின் மகன் ஒச்சன், அந்த வெட்டவெளியில் முதன்முதலாக ஒரு கடை விரித்தான்.

"அந்த இடம் வேண்டாம்டா ஒச்சா" என்றாள் விருமாயி.

"ஏன் ஆத்தா? சும்மாதான கிடக்கு."

"சாமி நடக்குற இடம்டா."

"வருசத்துல ஒரு நாள் நடக்குது. மிச்ச நாளெல்லாம் யாருக்கு?"

ஒச்சன் கெட்டவன் இல்லை. அவள் காய்ச்சலில் கிடந்தபோது வைத்தியர் வீடுவரை முதுகில் சுமந்து போனவன். அவள் பேசாமல் இருந்துவிட்டாள். கொஞ்ச நாளில் அவளே அந்தக் கடையில் உட்கார்ந்து மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பிறகு வளையல்காரர் வந்தார், துணிக்காரர் வந்தார், சேவல் சண்டையும் வந்தது. எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காததே எல்லோருக்கும் துணிச்சலைக் கொடுத்தது. தேவாங்கு வந்து சொன்னால் வெளியை விட்டு விலகுவார்கள்; ஆனால் படுப்பதில்லை. ஓரமாக நின்றபடி விட்ட பேச்சைத் தொடர்வார்கள். வியாபாரம் கெடுகிறதே என்று தேவாங்கைச் சிலர் முறைத்ததும் உண்டு.

அந்த ஆண்டு ஒரு சந்தை நாளில் மலைமுகட்டில் வெளிச்சம் அசைந்தது. தேவாங்கு ஓடி வந்தது. வெளியில் அப்போது இரண்டு சேவல்கள் ரத்தம் சொட்ட மோதிக்கொண்டிருந்தன. கூட்டம் நெருக்கியடித்து நின்றது. தேவாங்கு வாயைத் திறப்பதற்குள், ஒச்சன் ஒரு தேனடையை எடுத்து அதன் கையில் திணித்தான்.

"கொஞ்சம் பொறு. இந்தச் சண்டை முடியட்டும், அப்புறம் சொல்லு."

முகட்டிலிருந்து இறங்க நேரமாகும் என்று தேவாங்கு நினைத்தது. எந்தச் சேவல் ஜெயிக்கும் என்று பார்க்க அதற்கும் ஆசை. ஓரத்து மரத்தில் ஏறி, தேனை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

சாமி கோபமாக வரவில்லை. எப்போதும் வருவது போலத்தான் வந்தது.

முதலில் சேவல்கள் நின்றன. பிறகு சத்தம் நின்றது. ஒச்சன் திரும்பிப் பார்த்தான். மறந்துபோன ஏதோ ஒன்று நினைவுக்கு வந்தவனைப் போல இருந்தது அவன் முகம். அடுத்த கணம் அவன் இல்லை. சந்தையும் இல்லை. வெட்டவெளி முழுக்கச் சாம்பல். மரத்திலிருந்து அத்தனையையும் பார்த்த தேவாங்கின் கண்கள் விரிந்தன. விரிந்தவை விரிந்தபடியே நின்றன.

பின்னாலேயே மழை வந்தது.

கிணற்றடியில் இருந்த விருமாயி ஓடி வந்தாள். காட்டின் ஓரத்தில் அவள் கால்கள் தாமாகவே நின்றன. செருப்பைக் கழற்றினாள். மெல்ல உள்ளே போய், மகனின் கடை இருந்த இடத்தில் ஈரச் சாம்பலில் உட்கார்ந்தாள். தேவாங்கு இறங்கி அவள் எதிரே வந்தது.

"நீ பார்த்தியா?"

அது வாயைத் திறந்தது. குரல் வரவில்லை.

"பார்த்தும் சொல்லலையா?"

அது தலையைத் தாழ்த்தியது. விருமாயி சொன்னாள்: "நானும்தான் சொல்லாம இருந்துட்டேன்."

அடுத்த ஆண்டு வெயில் முற்றியபோது ஊரில் மிஞ்சியிருந்தவர்களுக்குக் கலக்கம் வந்தது. இனி வந்து சொல்ல யாரும் இல்லை. விருமாயி தினமும் காட்டு ஓரத்தில் செருப்பை விட்டுவிட்டு, மரத்தடியில் முகங்குப்புறப் படுத்தாள். சந்தையில் மனைவியைப் பறிகொடுத்த சடையாண்டி ஒருநாள் அவள் தலைமாட்டில் வந்து நின்றான்.

"உன் பிள்ளையை வாரிக்கிட்டுப் போன சாமி. உனக்குக் கோபம் இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் எதுக்குக் கும்பிடுற?"

"கோபத்தோடதான்ப்பா படுத்திருக்கேன். ஆனா அது வர்ற எடத்துல என்னால நின்னுக்கிட்டு இருக்க முடியாது."

சடையாண்டி போய்விட்டான். மறுநாளும் வந்தான், நின்றான், போனான். ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்குச் சற்றுத் தள்ளிப் படுத்தான். ஒவ்வொருவராக மற்றவர்களும் வந்தார்கள். எந்த நாள் என்று தெரியாததால் எல்லா நாளும் அடங்கியிருக்க வேண்டியதாயிற்று.

ஒரு மதியம் காற்று நின்றது. மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் புகுந்தது. சடையாண்டி மண்ணை இறுகப் பற்றிக்கொண்டு அழுதான். யாரும் தலை தூக்கவில்லை. வெளிச்சம் அவர்களைக் கடந்து போயிற்று. ஒருவரும் சாகவில்லை. முதல் துளி விருமாயியின் முதுகில் விழுந்தது. எழுந்திருக்க மனமில்லாமல் அவள் அப்படியே கிடந்தாள்.

கோயில்காட்டு எல்லையில் சனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, பேச்சையும் நிறுத்திக்கொண்டு உள்ளே போவது அன்று முதல்தான். பகல் வெளிச்சத்துக்கு அஞ்சி இருட்டில் மட்டும் வெளியே வரும் தேவாங்கு, அகன்ற கண்களோடு, ஒரு சொல்லும் இல்லாமல், கிளையில் ஒவ்வோர் அடியையும் பயந்து பயந்து எடுத்து வைப்பதோ, சந்தை சாம்பலான அந்த நாள் முதல்தான்.