செம்பொறி தேர்ந்தெடுத்த தலையணை

மூங்கில்பள்ளக் காட்டில் செம்பொறி என்றொரு சருகுமான் இருந்தது. முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஈர்க்குச்சி போன்ற கால்கள். யாராவது உரக்கத் தும்மினால்கூடப் புதருக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும்.

அந்தக் கோடையில் காட்டின் ஒரே குளம் வற்றத் தொடங்கியது. நடுவில் மட்டும் பச்சை நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. எல்லா விலங்குகளும் கரையில் கூடிக் கையைப் பிசைந்தபோது ஒரு பருந்து மேலிருந்து இறங்கியது.

"ஏன் அழறீங்க? மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரி இருக்கு! கரை தளும்பத் தண்ணி!" என்றது பருந்து.

"போற வழி எது?" என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"பறக்கிறவனுக்கு வழி எதுக்கு? நடந்து போனா நாலு நாள் ஆகலாம். உச்சியில எங்கேயாவது ஒரு கணவாய் இருக்கணும். தேடிக்குங்க!" என்று சொல்லிவிட்டுப் பருந்து பறந்துவிட்டது.

குளத்துத் தண்ணீர் இன்னும் இருபது நாள் தாங்கினால் அதிகம். குட்டிகளையும் கர்ப்பிணிகளையும் கூட்டிக்கொண்டு மலையெல்லாம் அலைய முடியுமா? முதலில் மூன்று பேர் போய் வழி கண்டுபிடித்து வரட்டும் என்று முடிவானது.

"நான் போறேன்! என்னைவிட மூளை யாருக்கு இருக்கு?" என்று முன்னால் வந்தது சுழல்வாலன் என்ற நரி.

"நானும் போறேன்! என்னைவிட பலம் யாருக்கு இருக்கு?" என்று மார்பைத் தட்டியது கருந்தடியன் என்ற கரடி.

இன்னொருவர் வேண்டும். குறுகலான இடுக்கில் நுழைந்து பார்க்கக்கூடிய சின்ன உடம்புக்காரராக இருந்தால் நல்லது. எல்லாருடைய கண்ணும் செம்பொறியின் பக்கம் திரும்பியது. செம்பொறி புதரை நோக்கி ஓரடி பின்வாங்கியது. ஆனாலும் குளத்தைப் பார்த்தது. சேற்றை நக்கிக்கொண்டிருந்த பன்றிக்குட்டிகளைப் பார்த்தது.

"சரி, நானும் வர்றேன்," என்றது மெல்லிய குரலில்.

மூன்றாம் நாள் காலையில் புறப்படுவது என்று பேசிக்கொண்டார்கள்.

செம்பொறிக்கு ஒரே ஒரு கவலை. போன கோடையில் அது நெல்லிக்காய் தேடி மலையடிவாரத்துக்குப் போயிருந்தது. கிடைத்த மரவேரில் தலையை வைத்து இரண்டு இரவு படுத்தது. கழுத்து வலியில் பொட்டுத் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் நடந்துகொண்டே கண்ணயர்ந்து ஒரு பள்ளத்தில் போய் விழுந்தது. கால் தேற ஒரு மாதம் ஆனது. இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது! நல்ல தலையணை ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தது.

முதலில் ஒரு வழவழப்பான கூழாங்கல்லில் தலை வைத்துப் பார்த்தது. குளிர்ச்சியாகத்தான் இருந்தது, ஆனால் கொஞ்ச நேரத்தில் காது மரத்துப்போனது. அடுத்து ஆகாயத்தாமரையின் உப்பிய தண்டுகளைக் கட்டிப் படுத்தது. உள்ளே வெறும் காற்று என்பதால் எடையே இல்லை. அடடா என்று கண்ணை மூடியது. தலையை இந்தப் பக்கம் திருப்பினால் 'கீச்' என்றது. அந்தப் பக்கம் திருப்பினால் 'கீச் கீச்' என்று கத்திவிட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது!

அந்த வழியாக வந்த கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"என்ன பண்றே செம்பொறி? காலையிலேருந்து படுக்கிறே, எழுந்திரிக்கிறே, படுக்கிறே!"

"தலையணை பார்க்கிறேன், கருந்தடியண்ணே."

"தலையணையா! நாம போறது வழி தேடவா, விருந்துக்கா? எனக்குக் கல்லு போதும், வேர் போதும். தலையைச் சாய்ச்சா விடியற வரைக்கும் கொர்ருதான்!"

அடுத்து நரி வந்தது. அதன் முதுகில் கொடியால் கட்டிய பெரிய மூட்டை ஒன்று இருந்தது.

"இதைப் பாரு! தேக்கு இலையை வச்சுத் தையல்சிட்டு தைச்சுக் கொடுத்தது. உள்ளே முழுக்க இலவம்பஞ்சு! இந்தக் காட்டுல யார்கிட்டேயும் இப்படி ஒண்ணு கிடையாது!" என்றது நரி.

செம்பொறி அதில் தலை வைத்துப் பார்த்தது. மேகத்தில் படுத்த மாதிரி மெத்தென்று இருந்தது. ஆனால் அவ்வளவு உயரத்தில் செம்பொறியின் குட்டைக் கழுத்து மேல்நோக்கி வளைந்து நின்றது. தூக்கிப் பார்த்தபோது கால்கள் நடுங்கின.

"நல்லாத்தான் இருக்கு, சுழல்வாலண்ணே. எனக்குத்தான் ஒத்துவராது."

"உன் அளவுக்கு ஓர் இலையைச் சுருட்டி வச்சுக்கோ!" என்று நரி ஏளனமாகச் சொல்லிவிட்டுப் போனது.

செம்பொறிக்கு வெட்கமாக இருந்தது. கூட்டத்தில் எல்லாரும் தன்னைப் பற்றித்தான் பேசிச் சிரிக்கிறார்களோ என்று பட்டது. இருந்தாலும் அது விடவில்லை. தூக்கணாங்குருவியிடம் போய்த் தன் கஷ்டத்தைச் சொன்னது.

குருவி ஒரே ஒரு கேள்வி கேட்டது. "நீ எப்படித் தூங்குவே?"

"காலை மடக்கி, கழுத்தை இடது பக்கமாத் திருப்பி."

"அப்ப உனக்கு வேண்டியது தாழ்வான தலையணை. பஞ்சை ஏன் தூக்கிக்கிட்டுப் போகணும்? பையை மட்டும் தூக்கிட்டுப் போ! ராத்திரி தங்குற இடத்துல எது காய்ஞ்சு கிடக்கோ, அதை உனக்கு வேணுங்கிற அளவு திணிச்சுக்கோ. காலையில கொட்டிட்டுக் கிளம்பு!"

செம்பொறி துள்ளிக் குதித்தது. குருவி அன்றே புல்நாரில் ஒரு பை பின்னிக் கொடுத்தது. சுருட்டினால் ஒரு நெல்லிக்காய் அளவு. செம்பொறி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டது. அதோடு நிற்கவில்லை. புறப்படுவதற்கு முந்தின இரவு சருகை அதில் நிரப்பி வெட்டவெளியில் படுத்துப் பார்த்தது. ஒரு பிடி சருகு அதிகம் என்று தோன்றியது. எடுத்துப் போட்டது. பிறகு விடியும்வரை அசையவே இல்லை!

மூவரும் கிளம்பினார்கள். முதல் நாள் நடை சுகமாகப் போனது. சாயங்காலம் நரி தன் பஞ்சுத் தலையணையில் கால்மேல் கால் போட்டுப் படுத்தது. கரடி ஒரு வேரில் தலையைச் சாய்த்தது. செம்பொறி காய்ந்த மூங்கில் இலைகளைப் பையில் நிரப்பியது.

விடிந்ததும் கரடி "ஆ!" என்று அலறியது. கழுத்து பிடித்துக்கொண்டு எந்தப் பக்கமும் திரும்பவே மாட்டேன் என்றது.

"அண்ணே, இன்னிக்கு ராத்திரி உங்களுக்கும் கொஞ்சம் இலை சேர்த்துத் தரட்டுமா?"

"எனக்கா? கரடிக்கா? வேண்டவே வேண்டாம்!" என்று முறைத்தது கரடி. அந்த முறைப்பும் நேராகத்தான் வந்தது. பக்கவாட்டில் முறைக்க முடியவில்லை.

இரண்டாம் நாள் மதியம் மலைமேல் மேகம் இறங்கியது. சிறு தூறல் பெய்தது. தேக்கிலையின் தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்தது. பஞ்சு ஊறி ஊறிக் கனத்தது. நரி மூச்சு வாங்கியது. ராத்திரி அதன்மேல் தலை வைத்தால் சில்லென்று தண்ணீர் காதுக்குள் வழிந்தது. வெறும் தரையில் படுக்கவும் மனம் இல்லை, அந்தச் சொதசொதப்பில் படுக்கவும் முடியவில்லை. உட்கார்ந்தே விழித்திருந்தது.

"அண்ணே, அதை இங்கேயே விட்டுடலாமே?" என்றது செம்பொறி.

"விடறதா! காடே பார்த்து வாயைப் பிளந்த தலையணையாச்சே! வெறுங்கையோட போய் என்னன்னு சொல்லுவேன்?" என்று சீறியது நரி.

மூன்றாம் நாள் இன்னும் மோசம். மேலே மரமே இல்லை. எங்கே பார்த்தாலும் ஈரம். செம்பொறிக்கும் பயம் வந்தது. இன்றைக்குப் பைக்குள் எதைப் போடுவது? அது பாறை பாறையாக மூக்கை நுழைத்துத் தேடியது. கடைசியில் ஒரு பாறையின் அடிப்பொந்தில், மழை எட்டாத இடத்தில், காய்ந்த பெரணி இலைகள் கிடந்தன. உதறி நிரப்பியது. அந்த இடம் சரிவாக இருந்ததால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்துக்கொண்டது. காற்று ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. செம்பொறி நிம்மதியாகத் தூங்கியது.

நான்காம் நாள் காலை அவர்கள் உச்சிக்கு வந்தார்கள். பனிமூட்டம் கண்ணை மறைத்தது. இடது பக்கம் அகலமான சரிவு ஒன்று கீழே இறங்கியது. வலது பக்கம் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு பிளவு. அதன் வாயை ஓர் உருண்டைக் கல் பாதி அடைத்திருந்தது.

"இடது பக்கம்தான்! பார்த்தாலே தெரியல?" என்றது நரி. அதன் கண்கள் சிவந்திருந்தன.

"எதைப் பார்க்கச் சொல்றே? எனக்குத்தான் இடது பக்கம் திரும்பவே முடியலையே!" என்று கத்தியது கரடி.

"திரும்ப முடியாதவன் ஏன் வந்தே?"

"ஈரப் பஞ்சைச் சுமக்கிறவன் நீ ஏன் வந்தே?"

இருவரும் மாறி மாறிக் கத்தினார்கள். செம்பொறி மட்டும் காதை விறைத்துக்கொண்டு நின்றது. காற்று ஒரு கணம் ஓய்ந்தது. பிளவுக்குள்ளிருந்து ஏதோ கேட்டது. 'க்ரக்... க்ரக்... டொய்ங்!' தவளைகள்! ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில்! கூடவே ஒரு தட்டான் பிளவிலிருந்து வெளியே பறந்து வந்தது.

"சண்டையை நிறுத்துங்க! வலது பக்கம் தவளைச் சத்தம் கேக்குது! தண்ணி அந்தப் பக்கம்தான் இருக்கு!" என்று கூவியது செம்பொறி.

"எனக்கு ஒண்ணும் கேக்கல!" என்று சொல்லிக்கொண்டே நரி இடது சரிவில் காலை வைத்தது.

அவ்வளவுதான்! காலுக்கடியில் கற்கள் சரசரவென்று சரிந்தன. நரி மல்லாந்து வழுக்கியது. விளிம்பில் ஒரு செடியைக் கவ்விக்கொண்டு தொங்கியது. முதுகிலிருந்த ஊறிய தலையணை அதைக் கீழே கீழே இழுத்தது. செடியின் வேர் ஒவ்வொன்றாக அறுந்தது.

செம்பொறி விளிம்புக்கு ஓடியது. பயப்பட அதற்கு நேரமில்லை.

"அண்ணே! முன்காலால கொடியை அறுத்து விடுங்க! தலையணையை விடுங்க!"

நரி ஒரு நொடி தயங்கியது. பிறகு நகத்தால் கொடியைக் கிழித்தது. தலையணை பனிமூட்டத்துக்குள் விழுந்து மறைந்தது. வெகுநேரம் கழித்துத்தான் 'தொப்' என்று சத்தம் வந்தது.

"கருந்தடியண்ணே! என் பின்னாலேயே வாங்க! உங்க இடது கையை நீட்டுங்க!"

"கழுத்து குனியலையே, கீழே எதுவும் தெரியலையே!"

"நான் சொல்றேன்! இன்னும் கீழே... இன்னும் கொஞ்சம்... இப்ப பிடிங்க!"

கரடியின் கைக்குள் நரியின் பிடரி சிக்கியது. ஒரே இழுப்பு! நரி மேலே வந்து விழுந்தது.

"தங்கச்சி, நீ இல்லாட்டி நான் போயிருப்பேன்," என்றது நரி.

செம்பொறி உருண்டைக் கல்லுக்கும் பாறைக்கும் நடுவே நுழைந்து உள்ளே போய்ப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அதன் குரல் எதிரொலித்தது.

"வழி இருக்கு! யானையே போகலாம்! இந்த ஒரு கல்லுதான் தடை! அண்ணே, நேரா முன்னால தள்ளுங்க, கழுத்தைத் திருப்பவே வேண்டாம்!"

கரடி தோளைக் கொடுத்து முட்டியது. நரியும் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்தது. கல் ஒருமுறை அசைந்தது. இன்னொருமுறை அசைந்தது. பிறகு கடகடவென்று உருண்டு ஒதுங்கியது! பிளவின் மறுமுனையில் பனி விலகியது. கீழே வெயிலில் பளபளத்துக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஏரி விரிந்து கிடந்தது!

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு உருண்டும் புரண்டும் ஓடிப்போய்த் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தினார்கள்.

திரும்பும் வழியில் கரடியே வெட்கத்தை விட்டுக் கேட்டது. "செம்பொறி, அந்தப் பெரணி இலை கிடந்த இடம் எது? எனக்கும் கொஞ்சம் காட்டேன்!" அன்று கரடி விட்ட குறட்டையில் பக்கத்துப் பாறையிலிருந்த வௌவால்களெல்லாம் இடம் மாறின. காலையில் அதன் கழுத்து நாலா பக்கமும் திரும்பியது!

மூங்கில்பள்ளத்தில் செய்தி பரவியதும் காடே எழுந்து நின்றது. மறுநாளே எல்லாரும் கிளம்பினார்கள். முன்னால் செம்பொறி, அதன் பின்னால் யானைகள், காட்டெருமைகள், குட்டிகளை முதுகில் சுமந்த குரங்குகள். கரடி இரண்டு பன்றிக்குட்டிகளைத் தோளில் தூக்கிக்கொண்டது. நரி வரிசையின் கடைசியில் நின்று பின்தங்கியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஏழாம் நாள் ஏரி தெரிந்தபோது யானைகள் பிளிறிய பிளிறலில் மலையே அதிர்ந்தது! யாரும் முதலில் தண்ணீரில் இறங்கவில்லை. எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"நீதான் முதல்ல குடிக்கணும், செம்பொறி!" என்றது கரடி.

தும்மலுக்கு ஓடி ஒளிந்த அந்தச் சின்னச் சருகுமான், அத்தனை பெரிய விலங்குகளின் நடுவே தலைநிமிர்ந்து நடந்து போய், வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது.

நீதி: ஊர் மெச்சுவதற்காகச் சுமப்பவரும் ஒன்றுமே வேண்டாம் என்று வீறாப்புப் பேசுபவரும் பாதி வழியில் தளர்வார்கள், தன் உடம்புக்குப் பொருந்துவதைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பவரே பயணத்தை வெல்வார்.