மேகத்தடியில் ஒரு நாழிகை

பறவைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டும், சொன்ன சொல்படி நடந்துகொண்டும் இருந்த காலம் அது. ஏரிக்கரையில் ஓர் இலுப்பை மரம் நின்றது. அதுதான் அவற்றின் பள்ளிக்கூடம். தலையில் விசிறிபோல் கொண்டை வைத்த கொண்டலாத்தி அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தாள். வல்லூறின் நிழல் தரையில் எப்படி விழும், எந்தக் காற்றை நம்பிக் கிளம்பலாம், நெடும்பயணத்தில் எந்தெந்தக் குளத்தில் கோடையிலும் தண்ணீர் கிடக்கும் என்பவைதான் பாடங்கள். இவற்றைப் படிக்காமல் கிளம்பிய குஞ்சுகள் வழியிலேயே விழுந்து செத்த வருஷங்கள் உண்டு. அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். நூறு நாள் பள்ளிக்கு வந்த குஞ்சு மட்டுமே கூட்டத்தோடு பறக்கலாம்.

ஒரு வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் விடாமல் பெய்தன. இருபத்திரண்டு நாள் பள்ளி நடக்கவில்லை. மார்கழியில் வெயில் எட்டிப்பார்த்ததும் பஞ்சாயத்து கூடியது. தலைமை, பெரிய நாரை.

"போன நாளைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா? இந்த வருஷம் யாரும் பறக்க வேண்டாம்னு சொல்லிடுங்க, வேலை முடிஞ்சுது" என்றது தவிட்டுக்குருவி. அது எங்கும் பறந்து போகிற சாதி இல்லை. ஆனாலும் எல்லாக் கூட்டத்திலும் முதலில் பேசும்.

கொண்டலாத்தி சொன்னாள்: "நாளை எண்ணுறதே தப்புங்க. காக்கா வீட்டுப் பையன் வரான், கிளையை ரெண்டு ஆட்டு ஆட்டுறான், போயிடுறான். அதுவும் ஒரு நாள். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து கேட்கிற பிள்ளைக்கும் அதே ஒரு நாள். இது என்ன நியாயம்?"

"எம் பையனை இழுக்காட்டி உங்களுக்குப் பேச்சே வராதே" என்றது காக்கை.

நாரை ஒற்றைக்காலை மாற்றி வைத்து வெகுநேரம் யோசித்தது. பிறகு சொன்னது: "சரி. இனிமே நாளை எண்ண வேண்டாம், நாழிகையை எண்ணுவோம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நாழிகைன்னு வெச்சா, நூறு நாளுக்கு ஆயிரத்து இருநூறு. மழையில போனதைக் கொஞ்சங் கொஞ்சமா சேர்த்து உட்கார்ந்து ஈடுகட்டிக்கலாம். யாருக்கும் வருஷம் வீணாகாது."

நல்ல யோசனைதான். இப்போது நினைத்துப் பார்த்தாலும் அதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

எண்ணுவதற்கு ஆள் வேண்டும். எல்லோரும் குக்குறுவானைத்தான் சொன்னார்கள். பச்சை உடம்பும் சிவந்த நெற்றியுமாக இருக்கும் சின்னப் பறவை அது. ஒன்றைக் கூட்டிச் சொல்லாது, குறைத்தும் சொல்லாது. பட்ட கிளையில் பொந்து கொத்தினால் உள்ளே ஒரு சிராய் நீட்டிக்கொண்டிருக்காது. குக்குறுவானுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த பாறையில் அலகால் கோடுகள் கீறியது. பட்டுப்போன ஒரு கொம்பின் நிழல் அந்தப் பாறை மேல் நகரும். நிழல் ஒவ்வொரு கோட்டைத் தொடும்போதும் இலுப்பையின் உச்சிக்கொப்பிலிருந்து 'குக்' என்று ஒரு குரல் கொடுக்கும். ஒரு குரலுக்கு ஒரு நாழிகை. மேகம் மூடினால் நிழல் இருக்காது, எண்ணவும் முடியாது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மழைக்காலம் முடிந்துவிட்டதே என்று நினைத்திருப்பார்கள்.

பள்ளி நீண்டது. முன்பெல்லாம் பாடம் முடிந்தால் குஞ்சுகள் பறந்துவிடும். இப்போது பாடம் முடிந்த பிறகும் நாழிகை மிச்சம் இருந்தது. கொண்டலாத்தி சொன்னதையே திரும்பச் சொன்னாள். மூன்றாவது முறை சொல்லும்போது அவள் குரலே அவளுக்குச் சலித்தது. குஞ்சுகள் பாடத்தை விட்டுவிட்டு உச்சிக்கொப்பைப் பார்த்துக் காத்திருந்தன. காக்கை மகன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகிவிட்டான்.

குக்குறுவான் மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தது. தூங்குகிறவனுடைய நாழிகையையும் எண்ணியது. நிழல் கோட்டைத் தொட்டதா, தொட்டது. தன் வேலை அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டது. முன்பு அது நிறையப் பேசும் பறவை. இப்போது பேச்சுக்கிடையில் நிழல் தாண்டிவிடுமோ என்ற பயத்தில் பேசுவதைக் குறைத்தது. "அத்திப்பழமெல்லாம் பழுத்து உதிர்ந்துபோச்சு. உனக்கு அந்தக் கோடுதான் பெண்டாட்டி" என்று அதன் மனைவி பொந்துக்குள்ளிருந்து கத்தினாள். பதில் சொல்ல வாய் திறந்தது. அதற்குள் நிழல் கோட்டைத் தொட்டுவிட்டது. 'குக்' என்றது.

அந்த வருஷம் பள்ளியில் செவ்வாலி என்று ஒரு குஞ்சு இருந்தாள். புரட்டாசியில் வடக்கேயிருந்து வந்து, சித்திரையில் திரும்பிப் போகிற கூட்டத்தைச் சேர்ந்தவள். தரையில் உதிர்ந்த சருகுக்கிடையே தத்தித் தத்தி நடக்கிற இனம். வந்த புதிதில் இறக்கை சுளுக்கி ஒன்பது நாள் படுத்துவிட்டாள். அவளுடைய தம்பிகள் இருவருக்கும் எண்ணிக்கை சரியாக வந்தது. இவளுக்கு மட்டும் குறைந்தது. எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து படித்தாள். அவளுக்காகக் கொண்டலாத்தியும் இருந்தாள், குக்குறுவானும் இருந்தது. சாயங்கால வெயிலில் அந்த மரத்தில் மூன்று பேர் மட்டுமே இருப்பார்கள்.

"மாமா, இன்னும் எத்தனை?" என்று கீழேயிருந்து கேட்பாள்.

"அறுபத்தி நாலு."

"நேத்து அறுபத்தெட்டுன்னீங்க."

"நேத்து நேத்துதானே அம்மா."

அவள் சிரிப்பாள். அந்த வருஷத்தில் குக்குறுவான் எண்ணிக்கைக்கு வெளியே பேசியது அநேகமாக இவளிடம்தான்.

சித்திரை பிறந்தது. ஒருநாள் விடியற்காலையில் தெற்கிலிருந்து காற்று எழுந்தது. வடக்கே போகிறவர்கள் காத்திருந்த காற்று அது. இரண்டு நாள் விட்டால் கோடைமழை வழியை அடைத்துவிடும். வெயில் ஏறுவதற்குள் கிளம்புவது என்று கூட்டத்தின் தலைவன் சொல்லிவிட்டான். செவ்வாலிக்கு மூன்று நாழிகை பாக்கி.

விடிந்ததும் வந்து உட்கார்ந்தாள். ஒன்று ஆனது. இரண்டு ஆனது. மூன்றாவது கோட்டை நோக்கி நிழல் பாதிதூரம் நகர்ந்திருந்தது. அப்போது மேற்கே திரண்டிருந்த கருமேகம் வந்து சூரியனை மூடியது. பாறையில் நிழல் அழிந்தது.

கொண்டலாத்தி நிறுத்தவில்லை. முதல் பாடத்திலிருந்து கேட்டாள். செவ்வாலி ஒவ்வொன்றாகச் சொன்னாள். வல்லூறின் நிழல், காற்றின் திசை, மலைக்கு இந்தப் பக்கம் எட்டுக் குளம், அந்தப் பக்கம் ஐந்து. ஒன்றிலும் தடுமாறவில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகு, மலைக் கணவாயில் காற்று திரும்பினால் என்ன செய்வது என்று ஒரு கேள்வியும் கேட்டாள். அதுவரை எந்தக் குஞ்சும் கேட்காத கேள்வி. கொண்டலாத்தி அதற்கும் விவரமாகப் பதில் சொன்னாள். பிறகு தலையை உயர்த்தினாள்.

"அண்ணே, ஒரு நாழிகை ஆகிருக்குமே."

"ஆகியிருக்கலாம்" என்றது குக்குறுவான்.

"அப்ப எண்ணுங்க."

"நிழல் இல்லையே அம்மா. எதைப் பார்த்து எண்ணுவேன்?"

கூட்டம் ஏரிக்கரையில் கூடிவிட்டது. செவ்வாலியின் அம்மா மரத்தடிக்கு ஓடிவந்தாள். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு. ஒரே ஒரு குரல் குடுங்க. எண்ணிக்கை முடியாத பிள்ளையைச் சேர்த்துக்க மாட்டோம்ங்கிறாங்க. சின்னவனுங்க ரெண்டு பேரும் அங்க நிக்கிறானுங்க. நான் யாரை விட்டுட்டு யாரோட போவேன்?"

"காக்கா பையன் தூங்குனதை எல்லாம் எண்ணுனீங்க. நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீங்க. இந்தப் பிள்ளை முழிச்சிருந்து படிச்சது எண்ணிக்கையில வராதா?" என்றாள் கொண்டலாத்தி.

குக்குறுவான் வாயைத் திறந்தது. தொண்டை வரை வந்துவிட்டது. அப்போது அதற்குப் பல நினைவுகள் வந்தன. கண்ணால் பார்க்காமல் ஒன்றை எண்ணினால், இதுவரை எண்ணியதெல்லாம் என்ன ஆகும்? நாளைக்குக் காக்கை வந்து எனக்கும் பத்து போடு என்று நின்றால் எந்த முகத்தோடு மறுப்பது? அரைகுறையாகப் படித்துக் கிளம்பி, கணவாயில் விழுந்த குஞ்சுகளைப் பற்றி அது கேட்டிருக்கிறது. இவள் விழமாட்டாள் என்றும் அதற்குத் தெரிந்தது. அப்படித் தெரிந்ததை எந்தக் கோட்டில் வைத்துக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

வாயை மூடிக்கொண்டது.

"மேகம் இப்போ விலகிடும். கொஞ்சம் பொறுங்க" என்றது. மேகம் விலகவில்லை. பெரிய துளிகள் விழத் தொடங்கின.

கரையில் தலைவன் குரல் கொடுத்தான். செவ்வாலிதான் சொன்னாள்: "நீ போம்மா. தம்பிங்களுக்கு உன்னை விட்டா யாரு? நான் புரட்டாசி வரைக்கும் இங்கேயே இருந்துக்கிறேன்." அம்மா அவள் கழுத்து இறகை ஒருமுறை கோதிவிட்டாள். கரைக்குத் திரும்பி ஓடினாள். கூட்டம் எழும்பி வடக்கே போனது.

மழை விட்டு வெயில் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நிழல் மூன்றாவது கோட்டை எப்போதோ தாண்டிப் போயிருந்தது. அடுத்த கோட்டைத் தொட்டதும் குக்குறுவான் 'குக்' என்றது.

"ஆயிரத்து இருநூறு. முடிஞ்சிடுச்சு அம்மா."

"சரி மாமா" என்றாள் செவ்வாலி.

அந்தக் கோடையை அவள் இலுப்பை மரத்தடியிலேயே கழித்தாள். வெயில் ஏற ஏறச் சருகுக்கடியில் புழு இல்லாமல் போனது. பள்ளி மூடியிருந்தாலும் விடிந்ததும் வந்து தன் இடத்தில் உட்காருவாள். "ஏதாவது எண்ணணுமா மாமா?" என்று ஒருநாள் கேட்டாள். கேலியாகக் கேட்டாளா, பேச்சுத்துணைக்காகக் கேட்டாளா என்று குக்குறுவானுக்கு விளங்கவில்லை. ஆனி மாதத்தில் புழுதிக்காற்று வீசிய ஒரு காலையில் அவள் இடம் காலியாக இருந்தது. தனியாக வடக்கே கிளம்பினாளா, எங்காவது விழுந்தாளா, ஒருவரும் பார்க்கவில்லை. குக்குறுவான் கரையெங்கும் தேடியது. கிடைக்கவில்லை.

புரட்டாசியில் கூட்டம் திரும்பி வந்தது. களைத்துப்போன அம்மா நேராக மரத்தடிக்குத்தான் வந்தாள்.

"எங்கே என் பொண்ணு?"

குக்குறுவான் எவ்வளவோ சொல்ல நினைத்தது. வாய் திறந்தால் 'குக்' என்ற ஒன்றுதான் வந்தது. மறுபடி முயன்றது. மறுபடியும் 'குக்'.

அவள் திட்டவில்லை. பள்ளி தொடங்குகிற விடியற்காலையில் ஒருமுறை மகளைக் கூப்பிட்டாள். பள்ளி விடுகிற அந்திப்பொழுதில் ஒருமுறை கூப்பிட்டாள். அடுத்த நாளும் அப்படியே செய்தாள். அவளோடு சேர்ந்து கூட்டத்தில் மற்றவர்களும் கூப்பிட்டார்கள்.

அந்தப் புரட்டாசியிலிருந்துதான் அந்த இனம் நம் ஊர்ப்பக்கம் வரும்போதெல்லாம் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் குரல் கொடுத்துவிட்டு அடங்கிவிடுகிறது. அதை நாம் ஆறுமணிக்குருவி என்கிறோம். அந்த இரண்டு குரலுக்கும் இடைப்பட்ட வெயிலில், உச்சிக்கொப்பில் உட்கார்ந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி, கொடுக்காமல் விட்ட அந்த ஒரு நாழிகையைக் குக்குறுவான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. வானம் மூடிய நாட்களில் மட்டும் அது வாய் திறப்பதில்லை.