பரிமளம் சாக வேண்டுமா?

"பரிமளத்தைக் கொன்னுடப் போறேன், டீச்சர்" என்றாள் செண்பகம்.

டீச்சர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பரிமளம், செண்பகம் எழுதும் நாவலின் நாயகி. முதல் பாகம் அந்த மாதம்தான் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்க ஆரம்பித்திருந்தது. இரண்டாம் பாகத்தில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி.

டீச்சர் என்கிற தில்லைநாயகி, செண்பகத்தைவிட வயதில் சின்னவள். ஆனால் மாத நாவல் எழுதுவதில் மூத்தவள். அதனால் இவள் அவளை டீச்சர் என்பாள், அவள் இவளை அக்கா என்பாள்.

"அவ என்ன தப்புப் பண்ணா, அக்கா?"

அவள் ஒன்றும் பண்ணவில்லை. பண்ணியவர் ஒரு பேராசிரியர். இலக்கியக் கூட்டத்தில் செண்பகத்தின் புத்தகத்தை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாராம். பொம்பளைகள் குக்கர் விசில் எண்ணிக்கொண்டே படிக்கிற சரக்கு என்றாராம். கூட்டமே சிரித்ததாம்.

"சந்தோஷமா முடிச்சாத்தானே சரக்கு? கிணத்துல தள்ளிடறேன். அப்பவாவது மதிக்கிறாரா பார்க்கிறேன்."

டீச்சர் கத்தியைக் கழுவி வைத்தாள். செருப்பை மாட்டினாள்.

"வாங்க அக்கா. பஸ்ல ஒரு சுத்துப் போயிட்டு வரலாம்."

பனியன் கம்பெனிகள் விடுகிற நேரம். பஸ் முழுக்கப் பெண்கள்.

ஏறியதுமே செண்பகம் பார்த்துவிட்டாள். அவளுடைய புத்தகம். அட்டை இல்லை. நாலாகக் கிழித்து, ஆளுக்கொரு துண்டாக வைத்திருந்தார்கள்.

அவளுக்கு நெஞ்சு கொதித்தது. "அந்தாளு தூக்கித்தான் காட்டினார், டீச்சர். இவங்க கிழிச்சே போட்டுட்டாங்க."

"கிழிச்சாத்தானே அக்கா, வீடு போறதுக்குள்ள நாலு பேரும் படிக்க முடியும்."

மூன்றாவது துண்டு கிடைத்தவள் அதைப் படிக்கவில்லை. தவறிக்கூடப் பார்த்துவிடக் கூடாதென்று டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, இரண்டாவது துண்டுக்காரியின் தோளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம்டி. எழுத்துக் கூட்டியா படிக்கிறே?"

டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பொதுவாகச் சொன்னாள்.

"அடுத்த பாகத்துல பரிமளம் கிணத்துல விழுந்து செத்துடறாளாமே."

நாலு தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

"யாரைக் கேட்டு?" என்றாள் ஒருத்தி.

சாகிற மாதிரி அவள் என்ன செய்துவிட்டாள் என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். செத்தால் அந்த மச்சினன் சாகட்டும் என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள். கதை தெரியாத கண்டக்டர்கூட, பாவம், அந்தப் பொண்ணை விட்டுடுங்க என்றார்.

பச்சைப் புடவைக்காரி, முதல் மூன்றையும் முடித்துவிட்டுக் கடைசித் துண்டை மடியில் பத்திரமாக வைத்திருந்தவள், நிதானமாகச் சொன்னாள்.

"எழுதினவ பொம்பளையே இல்லீங்க. எவனோ ஒரு ஆம்பளை, செண்பகம்னு பேரு வச்சுக்கிட்டு எழுதறான். இல்லேன்னா அவளைக் கொல்ல மனசு வருமா?"

செண்பகத்துக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"அவ சாகமாட்டா. கடைசியில அந்த வீட்டையே…"

மேலே பேச முடியவில்லை. பச்சைப் புடவைக்காரியின் கை அவள் வாயைப் பொத்தியிருந்தது. நூல் பிசிறும் மல்லிகையும் மணக்கிற கை.

"தெரிஞ்சா உன்னோட வச்சுக்க, தாயி. சொன்னேன்னா இறக்கி விட்டுடுவோம்."

பிறகு கையை எடுத்தாள். துண்டைப் பிரித்தாள். மற்றவர்களும் குனிந்துகொண்டார்கள்.

டீச்சரும் செண்பகமும் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது.

"இறங்கலாமா, அக்கா?" என்றாள் டீச்சர்.

செண்பகம் பச்சைப் புடவைக்காரியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க, டீச்சர். பரிமளம் வளையல் கடைக்குப் போற இடத்துக்கு அவங்க இன்னும் வரலை."