எஸ்தரின் ஷண்டிங் இன்ஜின்

ரயில்களை அப்படியே சின்னதாகச் செய்பவர்களுக்குப் பொன்மலையில் ஒரு சங்கம் இருந்தது. தலைவர் கஜபதிக்குப் புதிதாகச் சேர்ந்த எஸ்தரைப் பிடிக்கவில்லை.

“கண்காட்சியில உனக்கு ஒரு ஜாண் இடம்தாம்மா. ஷண்டிங் இன்ஜின்ல பழைய ரகம், புது ரகம் ரெண்டையும் காட்டணும். முடியலேன்னா வராதே!”

நிலையத்தில் ரயில் பெட்டிகளைத் தள்ளிக் கோக்கும் அந்த இன்ஜின், ஒரு ஜாணில் ஒன்றுதான் நிற்கும். எஸ்தர், “சரிங்க ஐயா” என்றாள்.

கண்காட்சியன்று கஜபதி கூட்டத்தோடு வந்து குனிந்து பார்த்தார்.

“கதவெல்லாம் கீறல் கீறலா காத்துத் துவாரம். பழைய ரகம், அச்சு அசல்!”

மேசையைச் சுற்றி மறுபக்கம் போனார்.

“இங்க பெரிய வலை ஜன்னல். புது ரகமும் பிரமாதம்! ஆமா, அந்தப் பழைய இன்ஜினை எப்பம்மா எடுத்தே?”

எஸ்தர் இன்ஜினைக் கையிலெடுத்து, இரண்டு பக்கத்தையும் மெல்லத் திருப்பிக் காட்டினாள்.

“அது எங்கேயும் போகலைங்க ஐயா. நீங்கதான் இந்தப் பக்கம் வந்துட்டீங்க.”

கூட்டம் ஆரவாரித்தது. கஜபதியின் கையும் தன்னையறியாமல் தட்டியது.