இரண்டாவது ஆரம்

விடை தெரிந்தவர்கள் கதை முடியும்வரை வாய் திறவாமல் இருக்கட்டும்.

கடலோரத் தலைநகர் ஒன்றில் வடிவுடையாள் என்பவள் பொன்வேலையில் பெயர் பெற்றிருந்தாள். பட்டத்தரசிக்காக அவள் ஒரு மாணிக்க ஆரம் செய்தாள். கழுத்தில் போட்டால் இரட்டைச் சரம். நடுக்கல்லின் அடியில் ஒளிந்திருக்கும் திருகாணியைக் கழற்றினால் பதக்கம் தனியே வந்து தோளில் பூட்டும் கைவங்கியாகும். சரங்களை நீட்டிக் கோத்தால் ஒட்டியாணமாகும். அரசி மகிழ்ந்துபோய் ஒரு வாக்குக் கேட்டாள்.

"இதைப்போல் இன்னொன்றை உன் கை செய்யக்கூடாது."

"செய்யாது, தாயே."

மறு ஆண்டு அரசன் இளையவள் ஒருத்தியை மணந்தான். அவளுக்கும் அதே ஆரம் வேண்டுமென்று ஆணை வந்தது. மறுத்தால் விரல்கள் போய்விடும்.

"போகட்டும்" என்று வடிவுடையாள் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள். அச்சம் இருந்தது, மனம்தான் அசையவில்லை.

அவளிடம் கல் பதிக்கும் தம்பி நன்மாறனுக்கு அந்தத் திருகாணியின் சூட்சுமம் தெரியும். அவளுக்குத் தெரியாமல் இரண்டாவது ஆரத்தைச் செய்து, அக்காள் செய்தது என்று சொல்லி அரண்மனையில் கொடுத்துவிட்டான்.

"வாக்குக் கொடுத்தது நீ. செய்தது என் கை. எதுவும் கெட்டுப்போகவில்லை, அக்கா."

அவள் நேரே அரசவைக்குப் போனாள். "அரசே, அது என் வேலை இல்லை. நான் செய்யவும் மாட்டேன்."

அரசன் வாளை உருவினான். பட்டத்தரசி பதறி எழுந்தாள். கழுத்திலிருந்த ஆரத்தை இறுகப் பற்றியபடி, "வாக்கிலிருந்து உன்னை விடுவித்தேன். செய்துவிடு, வடிவு" என்றாள்.

வடிவுடையாள் அந்தக் கையைப் பார்த்தாள். "வாளுக்கு அஞ்சித் தரும் விடுதலை எனக்கு வேண்டாம், தாயே" என்று சொல்லித் தன் வலக்கையை அரசன் முன் நீட்டினாள்.

தம்பி அவளைக் காக்கப் பொய் சொன்னான். அரசி தன் உரிமையை விட்டாள். இவளோ விடுவித்த பின்னும் மறுத்தாள். கேட்பவர்களே, இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: வடிவுடையாள் செய்ததே சரி. தம்பியின் அன்பு பெரிதுதான். ஆனால் அக்காளைக் கேளாமல் அவள் பெயரைக் கொடுத்துவிட்டான். அரசியின் இரக்கமும் பெரிது. ஆனால் அவள் வாய் விட்டதைக் கை விடவில்லை. மனமுவந்து கேட்ட வாக்கை மனமுவந்துதான் திருப்பித் தர முடியும். ஆரத்தைப் பற்றிய அந்தக் கையை அரசனும் கண்டிருக்க வேண்டும். வாளை உறையிலிட்டு, "என் நாட்டில் இருக்காதே" என்றான். பத்து விரல்களோடும் உலைத் துருத்தியோடும் வடிவுடையாள் கப்பலேறினாள், அவனை வணங்காமலே.