ராப்பேயின் வீடு மேடேறியது

“குருவே, என் வீடு எழும்பமாட்டேங்குது.”

ராப்பே குருவின் வீட்டு ஏணிக்குக் கீழேயே நின்றுகொண்டு சொன்னார். மேலே ஏறி உட்கார்ந்து பேசுகிற மனசுகூட அவருக்கு அன்றைக்கு இல்லை.

மேலே குரு மாராவியா, பிள்ளைகள் குர்ஆன் ஓதிவிட்டுப் போன பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ராப்பேயைவிட வயசில் இளையவர்தான். ஆனால் சின்னப் பிள்ளையில் தோணியும் ஆறுமாக அலைந்து ஓதாமல் விட்டதை, ஐம்பது தாண்டி, போன வருஷம்தான் ராப்பே அவரிடம் வந்து தொடங்கியிருந்தார். அதனால் இவர் அவரை “குருவே” என்பார். அவர் இவரை “அண்ணே” என்பார்.

“ஏறி வாங்க அண்ணே,” என்றார் குரு.

ராப்பே ஏறிவந்து வாசலோரம் குந்தினார்.

சுலவேசித் தீவில், ஆறு கடலில் விழுகிற முனையில் இருக்கிறது சாலோமிங்கே. பக்கத்து டவுன்காரர்களிடம் கேட்டால்கூட அப்படி ஒரு ஊரா என்பார்கள். அங்கே வீடெல்லாம் மரத்தூண்மேல் உயர நிற்கும். தூணை மண்ணில் புதைக்கிற வழக்கம் இல்லை. தட்டைக் கல்லைப் போட்டு அதன்மேல் நிறுத்துவார்கள். இடம் சரியில்லை என்றால் வீட்டைப் பிரிக்கமாட்டார்கள். அடியில் மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, ஊர் ஆம்பளைகள் மொத்தமும் தோள் கொடுத்து, கூரையோடு, சுவரோடு, அப்படியே தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தேர் நகர்கிற மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் ஆறு கரையைத் தின்றுகொண்டே வந்தது. ராப்பே வீட்டு அடுப்படித் தூணுக்குப் பக்கத்தில் மண் பிளந்துவிட்டது. பௌர்ணமிக்குக் கடல் ஏறும். ஏறினால் வீடு ஆற்றோடு போகும். மேட்டில் தென்னந்தோப்பு ஓரம் இடம் பார்த்து, கல்லும் பதித்தாகிவிட்டது. வீடு போய்ச் சேரவேண்டியதுதான் பாக்கி.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஊரே வந்தது. தூக்கினார்கள். ஒரு பக்கம் எழும்பியது, மறுபக்கம் அமுங்கியது. மூங்கில் கிறீச்சென்றது. வீடு பழையபடி கல்மேல் உட்கார்ந்துகொண்டது. மறுபடியும் தூக்கினார்கள். மறுபடியும் உட்கார்ந்துகொண்டது. பொழுது சாயும்வரை அதே கதைதான்.

“வீட்டுக்குள்ளே பெட்டி, பீரோ எதுவும் வைக்கலையே?” என்று கேட்டார் குரு.

எல்லாவற்றையும் வெளியேற்றியாயிற்று என்றார் ராப்பே. நெல்லுக் குதிர், தையல் மெஷின், கல் உரல், மனைவி பெச்சேயின் சீதனக் கட்டில், ஒன்றும் மிச்சமில்லை. இனி கழற்றுவதானால் கூரையைத்தான் கழற்றவேண்டும்.

“நீங்களும் அண்ணியும் மேலே உட்கார்ந்தீங்களா?”

ராப்பே வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீடு போகும்போது வீட்டுக்காரரும் மனைவியும் உள்ளே நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். மனைவி மடியில் அரிசிப் பானை இருக்கும். ஆளில்லாமல் போனால் அது வீடில்லை, வெறும் மரம் என்பார்கள்.

“அது வயசானவங்களுக்கும் சீக்காளிக்கும் வச்சது குருவே. இந்த ஊர்ல என் தோள் படாத வீடு உண்டா? என் வீட்டுக்கு நானே போய்ப் பாரமா உட்காரவா?”

உண்மைதான். எந்த வீடு எழும்பினாலும் முன்மூலை ராப்பேயுடையது. அதுதான் அதிகப் பாரம் இறங்குகிற இடம். அங்கே வேறு யாரையும் அவர் விட்டதில்லை. ஒரு தரம் ஊர்த் தலைவர் வீட்டைத் தூக்கப் போனபோது, கால் கொஞ்சம் தாங்கி நடக்கிற தாஹாங் வந்து பக்கத்தில் நின்றான். நீ போய்ப் பொம்பளைகளோடு கஞ்சி கிண்டு என்று எல்லார் முன்னாலும் அவனை அனுப்பிவிட்டார். ஊர் சிரித்தது. தாஹாங்கும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய் உண்மையாகவே கஞ்சி கிண்டினான்.

வெள்ளிக்கிழமை தாஹாங்கும் வந்திருந்தான். ஆள் தேவையாக இருந்ததால் ராப்பே ஒன்றும் சொல்லவில்லை. இப்போது குருவிடம் சொன்னார். இவனைப் போல நாலு பேர் சும்மா கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், அதனால்தான் எழும்பவில்லை என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஓதுறதுக்கு ஏதாவது துஆ இருந்தா சொல்லிக் கொடுங்க குருவே. வீடு லேசாகணும்.”

குரு பாயை மூலையில் சாத்தினார்.

“கஞ்சி அண்டாவை இறக்கணும். ஒரு கை கொடுங்க.”

அடுப்பில் பிள்ளைகளுக்கான பாசிப்பயறுக் கஞ்சி தேங்காய்ப்பாலோடு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு காது வைத்த பெரிய அண்டா. ஒரு காதைக் குரு துணி வைத்துப் பிடித்தார். இன்னொன்றை ராப்பே பிடித்தார்.

“பிஸ்மில்...” என்று குரு தொடங்கினார்.

ராப்பே தூக்கிவிட்டார்.

அண்டா சரிந்தது. கஞ்சி குருவின் கையில் கொட்டியது. ராப்பே பதறிப்போய் அண்டாவைத் திரும்ப அடுப்பிலேயே வைத்துவிட்டுத் தண்ணீருக்கு ஓடினார். குரு கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டார். கோபம் இல்லை, முகச்சுளிப்பும் இல்லை.

“அண்ணே, பிஸ்மில்லா எவ்வளவு நீளம்?”

ராப்பேக்கு விளங்கவில்லை. குழந்தைகூடச் சொல்லுமே, சின்னதுதானே என்றார்.

குரு தலையாட்டினார்.

“அடுத்த தரம் மேலே உட்காருங்க. அண்ணியையும் கூட்டிக்கிட்டு.”

“துஆ?”

“அண்டாவைத் தூக்கும்போது கேட்டீங்களே, அதான்.”

ராப்பே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். லேசாக்க வழி கேட்டால் இன்னும் இரண்டு ஆளை ஏற்றச் சொல்கிறாரே, இது என்ன கணக்கு என்று பெச்சேயிடம் பொருமினார்.

பெச்சே வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்: “கல்யாணம் ஆனதிலேர்ந்து நீங்க ஒரு இடத்துல உட்கார்ந்து நான் பார்த்ததில்ல. அதைப் பார்க்கவாவது வீடு எழும்பட்டும்.”

மறுநாள் விடியலில் பார்த்தால் மண்விரிசலில் ஒரு ஆள் கையை விடலாம் போலிருந்தது. பௌர்ணமிவரை பொறுக்காது என்று தெரிந்துபோயிற்று. செய்தி பரவியது. கடலுக்குப் புறப்பட்டவர்கள் தோணியைக் கட்டிப்போட்டுவிட்டு வந்தார்கள். வயலுக்குப் போனவர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவேண்டியிருக்கவில்லை.

ராப்பேயின் கால் பழக்க தோஷத்தில் முன்மூலைக்குத்தான் போனது.

அங்கே குடை பிடித்துக்கொண்டு குரு நின்றிருந்தார். கட்டுப்போட்ட கையால் ஏணியைக் காட்டினார்.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ராப்பே ஏணியில் கால் வைத்தார். சம்பந்தி வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளைத் தகப்பன் மாதிரி கொஞ்சம் சிரித்த முகமாய்ப் போங்க என்று யாரோ கீழேயிருந்து சொன்னார்கள். ஆற்றங்கரை முழுக்கச் சிரிப்பு. அந்த ஏணியைச் செய்தவரே அவர்தான். ஆனாலும் அன்றைக்குப் படிகள் உயரமாகத் தெரிந்தன.

நடுக்கூடத்தில் பெச்சே அரிசிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ராப்பே பக்கத்தில் சம்மணம் போட்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தரை மூங்கில் பட்டைகளால் ஆனது. இடுக்கு வழியே கீழே பார்த்தார்.

தலைகள். நரைத்த தலை, வழுக்கை, சுருட்டைமுடி, தொப்பி போட்டது. இத்தனை வருஷமும் இவர்களைத் தோளோடு தோளாகத்தான் பார்த்திருக்கிறார். மேலேயிருந்து பார்த்ததில்லை. யாருக்கு உச்சியில் சுழி இருக்கிறது, யாருக்குத் தழும்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முன்மூலையைப் பார்த்தார்.

அங்கே தாஹாங் நின்றிருந்தான். தோளில் சாக்கை மடித்துப் போட்டு, தாங்குகிற காலுக்கு அடியில் ஒரு தென்னைமட்டைத் துண்டைக் கட்டி உயரத்தைச் சரிக்கட்டியிருந்தான்.

‘நீ விலகு’ என்ற சொல் ராப்பேக்கு வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் தாஹாங் அண்ணாந்து பார்த்தான். இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

“அண்ணே, கண்ணை எடுங்க. தூசு விழும்.”

ராப்பே கண்ணை எடுத்துக்கொண்டார்.

எல்லாரும் ஒன்றாகத் தூக்கச் சொல் கொடுப்பவர் அம்போ துவோ. அவர் பிஸ்மில்லாவைச் சொல்லி முடித்ததும்தான் தூக்குவார்கள். எந்த வீட்டுக்கும் அவர் குரல்தான். மூச்சை இழுத்து, தொண்டையைச் செருமி, நிதானமாகத் தொடங்கினார்.

“பிஸ்...”

ராப்பேயின் தோள் துள்ளியது.

“என்ன, உங்க தோள் தானா ஆடுது?” என்றாள் பெச்சே.

ராப்பே குனிந்து இடுக்கில் பார்த்தார். கீழே ஒரு தோளும் அசையவில்லை. அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். தாஹாங் காத்திருந்தான். அம்போ துவோவின் குரல் இன்னும் பாதி வழியைக்கூடத் தாண்டவில்லை. அல்லாஹ்வின் பெயர் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

மற்றவர்கள் வீட்டைத் தூக்கும்போது அவரும் இப்படித்தான் காத்திருப்பார். வெள்ளிக்கிழமை இத்தனை பேரும் காத்திருக்கையில், ஒரே ஒரு மூலை மட்டும் முந்திக்கொண்டு எழும்பியிருக்கிறது. எந்த மூலை என்று யாரும் அவருக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

“...மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.”

வீடு எழும்பியது.

இழுத்துப் பறித்து எழும்பவில்லை. தூங்குகிற பிள்ளையைத் தாய் தொட்டிலிலிருந்து எடுப்பாளே, அப்படி எழும்பியது. பெச்சேயின் மடியில் பானை அசையவில்லை. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீடு நடந்தது. நாலு பக்கமும் ஒரே கால் போல நடந்தது. கோழிகள் விலகி ஓடின. பெண்கள் குலவையிட்டுக்கொண்டு கூடவே வந்தார்கள். ஜன்னலில் ஆறு விலகியது, பள்ளிவாசல் வந்தது, அதுவும் விலகியது. எத்தனையோ வீடுகள் போய் ராப்பே பார்த்திருக்கிறார். உள்ளேயிருந்து பார்த்தால் ஊர்தான் போகும் என்று அவருக்குத் தெரியாது.

பின்னால் சளக்கென்று ஒரு சத்தம். அடுப்படித் தூண் நின்றிருந்த கல், கரையோடு சேர்ந்து ஆற்றில் இறங்கியது. தூக்குகிறவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மேட்டடியில் உருட்டுக்கட்டைகளைப் போட்டு வீட்டை இறக்கினார்கள். அங்கிருந்து ஏற்றம். ஆண்கள் புல்லில் மல்லாந்து கிடந்தார்கள். தோள் எல்லாம் சிவந்திருந்தது. பெண்கள் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார்கள்.

ராப்பேயால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வந்தார்.

“குருவே, இறங்கட்டுமா? ஏற்றம் கஷ்டம். எல்லாரும் களைச்சிட்டாங்க.”

குரு அண்ணாந்து பார்த்தார்.

“அவங்க யாராவது உங்களை இறங்கச் சொன்னாங்களா அண்ணே?”

யாரும் சொல்லவில்லை. ராப்பே போய் உட்கார்ந்தார்.

மறுபடி எல்லாரும் மூங்கிலுக்கு அடியில் போய் நின்றார்கள். அம்போ துவோ வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. வெயிலில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்விட்டது. தண்ணீர் குடித்துப் பார்த்தார், வெல்லம் சப்பிப் பார்த்தார். பயன் இல்லை. யார் சொல்வது என்று பேச்சு வந்தது. பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சொல் கொடுக்க முடியாது. மூச்சு போதாது.

தாஹாங்தான் முன்மூலையிலிருந்து சொன்னான்.

“மேலே ஒருத்தர் சும்மாதானே உட்கார்ந்திருக்கார். அவரைச் சொல்லச் சொல்லுங்க.”

சிரிப்பு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது.

ராப்பே ஜன்னல் வழியே குருவைப் பார்த்தார். குரு குடையை மடக்கித் தரையில் ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி நின்றிருந்தார்.

கீழே அத்தனை தோள்களும் மூங்கிலில் பட்டன. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவர்கள் அவருடைய வாயைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள் என்பதை, கால்களுக்கு அடியிலேயே அவரால் உணரமுடிந்தது.

ராப்பே மூச்சை இழுத்தார்.

“பிஸ்...”

தோள் துள்ளவில்லை.

ஒவ்வொரு எழுத்தாகப் போனார். அவசரம் ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சொல்லுக்குள் இத்தனை இடம் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. நடுவில் குரல் உடைந்தது. நிறுத்தினார். கீழே யாரும் அசையவில்லை. மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கடைசி எழுத்து அவர் உதட்டை விட்டு இறங்கியபோது, வீடு அவரைத் தூக்கிக்கொண்டு மேடேறியது.